நான் படிக்காத நாலாவது பாயின்ட்

படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் எனக்குத் தனியாக ஒரு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். அந்தத் திறமையால் ஒரு பெண்ணின் ஆறு மாதத்தைக் கெடுத்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் நான் தாவரவியல் நடத்தும் கல்லூரியில், பிஎச்.டி. மாணவர்களின் முன்னேற்றத்தை இனிமேல் கோப்பு வைத்து மதிப்பிடுவது என்று சில வருடங்களுக்கு முன்பு முடிவானது. கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இணையத்தில் எங்கோ கிடைத்த இரண்டு பக்கத்தில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். (படித்தேனா என்றா கேட்கிறீர்கள்? விழுப்புரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.)

மதிப்பிடும் குழுவிலும் நான் இருந்தேன். முதலில் வந்த மாணவரின் கோப்பைத் தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. வெபினார் சான்றிதழ்கள், எல்லாம் லேமினேஷன். ‘மிக நன்று’ என்று போட்டேன்.

அடுத்து செல்வி. கோலியனூர் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியில் வரும் இலைப்புள்ளி நோய்தான் அவள் ஆய்வு. மெல்லிய கோப்பு, சேற்றுக் கறை வேறு. ‘இன்று எல்லாச் செடியும் செத்துவிட்டது. தண்ணீர் அதிகம் விட்டது என் தப்பு’ என்று ஒரு பக்கம் சொன்னது.

“என்னம்மா இது? ஒரு சர்டிபிகேட் கூட இல்ல. பண்ண தப்பையெல்லாம் எழுதிக்கினு வந்திருக்க?” என்று கேட்டு, ‘திருப்தி இல்லை, ஆறு மாதம் கழித்து வரவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செல்வி குரலை உயர்த்தவில்லை. “நீங்க குடுத்த பேப்பர்ல நாலாவது பாயின்ட் அதாங்க மேடம். எது சரியா வரல, அதுல இன்னா கத்துக்கினேன்னு எழுதச் சொல்லியிருந்தீங்க. சர்டிபிகேட்டு வேணாம்னும் போட்டிருந்துச்சிங்க.”

குழுவில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாலாவது பாயின்ட்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானே மேடம்?”

செல்வியின் கோப்பில் எழுதியதை அப்போதே அடித்துத் திருத்தியிருக்கலாம். ஒரு கோடு போதும். ஆனால் எனக்கு அப்போது புதிதாகப் பேராசிரியர் பதவி வந்திருந்தது. அது மூளையைவிடக் கழுத்தில்தான் அதிகம் ஏறியிருந்தது, குனியவில்லை. “இருந்தாலும் பிரசன்டேஷன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று முனகினேன்.

“கார்த்திகைப் பட்டத்துக்கு அப்பா எனக்குன்னு அரை ஏக்கரா உட்டு வச்சிருக்காரு மேடம். நீங்க ஓகே சொன்னாதான் ஆராய்ச்சிக்கு வெதைக்க முடியும்.”

“அடுத்த பட்டத்துல பாத்துக்கலாம்” என்றேன், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கச் சொல்வதுபோல.

அந்த அரை ஏக்கரில் அவள் அப்பா உளுந்து போட்டார். செல்வி தாமதமாகத்தான் பட்டம் வாங்கினாள். வெட்கக்கேடு என்று நினைக்காத நாளில்லை. இந்தக் கதையை வீட்டில் வேறு சொல்லித் தொலைத்தேன். இப்போது கூரியர் வந்தாலும் என் மகள், “மா, நாலாவது பாயின்ட்டைப் படிச்சிட்டு சைன் பண்ணு” என்கிறாள்.

போன மாதம் செல்வி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதும் மகள் அதையே சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். செல்வியும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“நான் வெதைக்காம உட்ட அந்தக் கார்த்திகையில ஊரு பூரா இலைப்புள்ளி நோய் வந்துச்சிங்க மேடம். அப்புறம் இதுவரைக்கும் அந்த மாதிரி வரவேயில்ல.”