மல்லர் விமானம் ஏறிய விதம்

பெத்ரோபவில் ஊரில் ஓரின்பெக்கைக் கீழே சாய்த்தவர் எவரும் இல்லை. இளவயதில் வடக்கு மாகாணத்து மல்லர்களையெல்லாம் மண்ணைக் கவ்வவைத்தவர். இப்போதும் அவர் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தால் பையன்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவர். மனைவி ஷோல்பான் பல் டாக்டர். அவர் தொழில் மல். அவள் தொழில் பல். மல்லுக்கு நின்றவர்களில் ஓடித் தப்பியவர்கள் சிலர் உண்டு. பல்லுக்கு உட்கார்ந்தவர்களில் அப்படி ஒருவரும் கிடையாது.

அன்று அக்தாவிலிருந்து ஷோல்பானின் தங்கை மரல் போனில் கூப்பிட்டாள். அவளுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை எழுந்து நின்றுவிட்டானாம். இனி ஊர் வழக்கப்படி அவன் காலில் கறுப்பும் வெளுப்புமாக முறுக்கிய கயிற்றைக் கட்டி, அதை ஒரு துணிச்சல்காரர் கையால் வெட்ட வேண்டும். வெட்டுகிறவருடைய நடைதான் பிள்ளைக்கு வரும்.

"அத்தான், நீங்கதான் வந்து வெட்டணும். உங்களை மாதிரி எதுக்கும் அஞ்சாத ஆளு நம்ம குடும்பத்துல வேற யாரு இருக்கா?"

"வர்றேன்மா. நான் வராம யாரு வருவா?" என்று மார்பை நிமிர்த்திச் சொன்னார் ஓரின்பெக்.

போனை வைத்த பிறகுதான் அக்தாவ் எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. நாட்டின் மறுகோடி. இங்கே ஏப்ரலிலும் ஆறு உறைந்து கிடக்கிறது. அங்கே காஸ்பியன் கரையில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்கிறார்கள். அஸ்தானா வரை ரயில் சரி. அதற்கப்பால் விமானம்தான். ஓரின்பெக் அதுவரை விமானம் ஏறியதில்லை. கேட்டால், "ரயில்லதான் நல்ல டீ கிடைக்கும்" என்பார். உண்மையில், கால் தரையில் இல்லாவிட்டால் மல்லன் தோற்றான் என்று பொருள். அது அவர் எலும்பில் ஊறிப்போன பாடம்.

மரலுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பயம் என்று சொல்லவும் முடியாது. ஆகவே பெரிய சூழ்ச்சி ஒன்று செய்தார்.

"பயணத் திட்டம் என் பொறுப்பு. நீ தலையிடாதே" என்றார் மனைவியிடம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டே போனால் டிக்கெட் தீர்ந்துவிடும். பிறகு வருத்தப்பட்டுக்கொள்ளலாம். நன்றாகவே வருத்தப்படலாம்.

"வியாழக்கிழமை விமானம் வேண்டாம்."

"ஏங்க?"

"விடியக்காலையில கிளம்புது. பைலட் தூக்கக் கலக்கத்துல இருப்பான்."

"அப்ப சாயங்காலம் போறது?"

"நாள் பூரா ஓட்டிக் களைச்சிருப்பான்."

"மத்தியானம் ஒண்ணு இருக்கே."

"அப்பதான் சாப்பிட்டிருப்பான். குதிரைக்கறி தின்னுட்டு வர்றவன் உன் நாற்காலியிலயே குறட்டை விடுறான்னு நீதானே சொன்னே?"

"சரி" என்றாள் ஷோல்பான்.

அந்தச் 'சரி' அவரைக் கொஞ்சம் கலக்கியது. அவள் அதை அவ்வளவு மலிவாகக் கொடுக்கிறவள் அல்ல. ஆனாலும் மறுநாள் காற்றைக் குறை சொன்னார். அதற்கு மறுநாள் இருக்கையை.

"இறக்கைக்குப் பக்கத்துல இடம் கொடுக்கிறான். கடல் தெரியாது."

"உங்களுக்குக் கடல் பாக்கணுமா?"

"எனக்கெதுக்கு? உனக்காகத்தான் பாக்கிறேன்."

"ரயில்லயே போயிட்டா?" என்று அவள் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆனா நாம போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள ஓட ஆரம்பிச்சிருவான். க்ளினிக்குல அவ்வளவு நாள் லீவும் கிடைக்காது" என்று அவளே முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷோல்பான் டீயைக் குடிக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரலீங்க."

"எங்கே?"

"அக்தாவுக்கு. எனக்குப் பயமா இருக்கு. விமானத்துல ஏறணும்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் எல்லாத்துக்கும் சரி சரின்னேன்."

ஓரின்பெக்கின் உள்ளத்திலிருந்து ஒரு மலை இறங்கியது. அது தரையைத் தொடுமுன்னே அவள் போனை எடுத்துவிட்டாள்.

"மரல், மன்னிச்சிரும்மா. உங்க அத்தான் மேல ஒரு குத்தமும் இல்ல. அவரு தயாராத்தான் இருக்காரு. நான்தான் கோழை. என்னை விட்டுட்டு வரவும் அவருக்கு மனசு வராது. கயித்த வேற யாரையாவது வெச்சு வெட்டிரு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மரல் நேராக அவரிடமே கெஞ்சினாள். "அத்தான், எத்தனை பயந்த பசங்களை நீங்க களத்துல இறக்கியிருக்கீங்க. எங்க அக்காவுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லக்கூடாதா?"

முப்பது வருஷமாகச் சொன்ன பதில் தானாக வாயிலிருந்து வந்தது.

"பயம்கிறது என்ன பெரிய விஷயம்? எதிராளியோட இடுப்புக்கச்சையப் பிடிக்கிற வரைக்கும்தான். பிடிச்சிட்டா போயிரும்."

"நான் எதைப் பிடிக்கிறது?" என்றாள் ஷோல்பான் மெல்லிய குரலில்.

"என் கையப் பிடிச்சுக்கோ."

"விடமாட்டீங்களே?"

"நான் பிடிச்சு எதையாவது விட்டிருக்கேனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் போனில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். வியாழக்கிழமை. விடியக்காலை.

விமானத்தில் அவள் அவர் கையை இரும்பாகப் பற்றினாள். பல் பிடுங்கிப் பழகிய கை. அவருக்குத் தம் பயத்தைக் கவனிக்க நேரமே இல்லை. அவளுக்கு மூச்சுவிடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"மூக்கால இழு. தோளத் தளர்த்து. ஒரே புள்ளியப் பாரு."

"ஏதாவது பேசுங்களேன். அந்தப் பாவ்லதார் மல்லனை எப்படித் தூக்கினீங்க?"

அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவர் அல்ல ஓரின்பெக். தூக்கினார், சுழற்றினார், பக்கத்து இருக்கைக்காரர் காப்பி கொட்டாமல் தப்பினார். கதை முடிந்து ஜன்னலைப் பார்த்தால் மேகம் கீழே இருந்தது. 'இவ்வளவுதானா?' என்று தோன்றியது. இவள் மட்டும் பயப்படாமல் இருந்திருந்தால் நான் இப்போது என்ன ஆகியிருப்பேன் என்றும் தோன்றியது. அவள் கையை இன்னும் கொஞ்சம் அன்பாகப் பிடித்துக்கொண்டார்.

அக்தாவில் கண் கூசும் வெயில். கடல் நீலமாகப் பரந்து கிடந்தது. மரலின் வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருக்க, ஓரின்பெக் குனிந்து கயிற்றை வெட்டினார். பிள்ளை ஒரு கணம் தள்ளாடினான். பிறகு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, தத்தக்கா பித்தக்கா என்று நடந்தான். மரல் அழுதாள். ஓரின்பெக்குக்கும் கண் நிறைந்துவிட்டது. இதற்காக ஒன்பது விமானம் ஏறலாம்.

விருந்தில் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாவம், ரொம்பப் பயந்துட்டா. நான்தான் கையப் பிடிச்சுக் கொண்டாந்தேன்."

இன்னும் கொஞ்சம் கறி கேட்கலாம் என்று தட்டோடு சமையலறைப் பக்கம் போனார். உள்ளே அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிக்கா அத்தானை ஏத்தினே? சாகுற வரைக்கும் ஏறமாட்டாருன்னு நினைச்சேனே."

வெங்காயம் நறுக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

"என்கிட்ட வர்ற எல்லா பயந்தாங்கொள்ளிக்கும் பண்றதுதான். பேச்சுக் குடுத்துக்கிட்டே பிடுங்கிட்டேன். இன்னும் அவருக்குத் தெரியாது."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. என்ன கைப்பக்குவம் என்று வியந்தபடி கதவோரத்தில் நின்றார் மல்லர். தட்டைக் கையில் பிடித்தபடியே, வாய்க்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.