சிப்பு அண்ணனின் சிஸ்டம் ஓட ஓர் இடம்

சிப்பு அண்ணனைப் போல மனிதனை நம்பிக்கை இழக்க வைக்கும் இன்னொரு ஜீவன் விருத்தாசலம் வட்டாரத்தில் பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் வேண்டாம். நான் சூப்பர்வைசராக இருக்கும் செராமிக் கம்பெனியில் கரண்டு சூளையை ஓட்டிய கம்ப்யூட்டர் போர்டுக்கு அவர்தான் பொறுப்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் சிப்பு வைத்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்துபோய்விட்டது.

அந்த போர்டில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம் அவரே எழுதியது. உலகத்திலேயே அது ஓடிய ஒரே இடம் எங்கள் சூளை. ஆனால் சிப்பு செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய ரகத்தை நிறுத்திவிட்டுப் புது ரகத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு ரகத்துக்கு எழுதியது அடுத்த ரகத்துக்குப் புரியாது. அண்ணன் அடியிலிருந்து மாற்றி எழுதுவார். முடித்து நிமிர்ந்து டீயை வாயில் வைப்பார், அந்த ரகமும் நின்றுபோனதாகச் செய்தி வரும்.

"ரெடிமேடா ஒரு பெட்டி வாங்கி மாட்டிடலாமேண்ணே?" என்பேன்.

"அப்புறம் நம்ம சிஸ்டம் எங்க தம்பி ஓடும்?" என்பார். அந்த 'நம்ம'வில் என்னையும் சேர்த்துவிடுவார்.

போன கார்த்திகைக்கு முன்னால் போர்டு புகைந்து செத்தது. சூளை நிறைய அகல், வெளியே லாரி. "வெள்ளிக்கிழமை ஓடணுங்க. இல்லன்னா ரெடிமேடுதான்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அண்ணன் சோறு தண்ணி இல்லாமல் புதுச் சிப்புக்கு மாற்றி எழுதினார்.

வெள்ளிக்கிழமை சோதனைக்காகச் சுவிட்சைப் போட்டார். திரையில் 7680 டிகிரி என்று வந்தது. சூடு அதிகம் என்று சூளை தானே அணைந்துகொண்டது. திறந்து கிடந்த சூளைக்குள், அகல் தட்டுக்குப் பக்கத்தில், கம்பெனிப் பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள முப்பது டிகிரிதாங்க இருக்குது. இந்தச் சிப்பு எண்ணோட பின்பாதிய மொதல்ல படிக்குது. அத மாத்தாம வுட்டதால முப்பது இப்பிடி ஏழாயிரமாத் தெரியுது. சாயங்காலத்துக்குள்ள…" என்று இழுத்தார் அண்ணன்.

முதலாளி எண்ணைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "ஏழாயிரம் டிகிரியில தூங்குதுன்னா அது வரம் வாங்குன பூனைங்க. நீங்க வூட்டுக்குப் போங்க."

மறுநாள் ரெடிமேடு பெட்டி வந்தது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் கொடுமை. அகல் எல்லாம் லாரி ஏறியது, அண்ணன் மட்டும் வேலைக்கு வரவில்லை.

பெண்ணாடத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு சாயங்காலமே சரி பண்ணிட்டேன் தம்பி. இப்ப முப்பதுன்னுதான் காட்டும்."

"அப்புறம் என்னண்ணே?"

"எதுல காட்டும்? ஓடறதுக்கு எடம் இல்லியே."

அவர் அழவில்லை. புத்தி கெட்டுப்போய், "இந்தப் போன்ல ஓடுமாண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சிப்பு வேற ரகமாச்சே" என்றார். அதைச் சொல்லும்போதே முகம் தெளிந்துவிட்டது. என் போனுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது.

மாதக்கணக்கில் மாற்றி எழுதித் திருப்பித் தந்தார். இப்போது அது பேசாது, போட்டோ எடுக்காது. எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், அதையும் சரியாகச் சொல்லும். "நல்லாருந்த போனுங்க" என்று என் மனைவி இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் வேறு போன் வாங்கிவிட்டேன், அதிலேயே அவரைக் கூப்பிட்டுச் சூடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெண்ணாடம் பஸ் ஏறி, "நம்ம சிஸ்டம் இன்னைக்கு முப்பத்தெட்டு காட்டுதுண்ணே" என்று நேரில் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.