ஐம்பது நிமிஷம் தாராளம்

விமானம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகத் தரையைத் தொட்டது. அடுத்த விமானத்துக்கு மிச்சம் இருந்ததும் இருபத்தைந்தே நிமிஷம். சக்கரம் ஓடி நிற்பதற்குள் பல்செட்டுக்காரர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஐம்பது நிமிஷம் தாராளம்னு சொன்னது யாரு?" என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடி.

சொன்னது அவர்தான். முந்தைய விமானத்திலேயே கிளம்பி, நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு இதே அடுத்த விமானத்தைப் பிடிக்கிற பயணமும் கிடைத்தது. மனைவி அதைத்தான் கேட்டாள். ஆனால் முப்பது வருஷமாகப் பல் செட் செய்கிற மனிதருக்கு நேரத்தை அளக்க ஒரே ஒரு கணக்குதான் தெரியும். பல் அச்சு எடுக்கிற மாவு இறுக எவ்வளவு நேரம் ஆகும் என்பதே அந்தக் கணக்கு. "ஒரு அச்சு இறுக இருபது நிமிஷம். ஐம்பது நிமிஷத்துல ரெண்டு அச்சு எடுத்துக் கையும் கழுவிடலாம். ஒரு வாசல்லேருந்து இன்னொரு வாசலுக்கு நடக்க மூணு மணி நேரமா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய அக்காவுக்குப் பணி ஓய்வு விழா. அக்கா தலைமை ஆசிரியை. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை "பேசாதே" என்று அதட்டியவள், கடைசி நாளில் மேடையேறித் தானே பேசப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை அவளுடைய பல் செட் கை தவறிக் கீழே விழுந்து துண்டு துண்டாகிவிட்டது. ஆறு பக்கப் பேச்சு எழுதியாயிற்று. பேசப் பல்தான் இல்லை.

நல்லவேளையாக அவளுடைய பழைய அச்சு தம்பியின் பட்டறையில் இருந்தது. நாலே நாளில் புது செட் செய்து, பஞ்சு சுற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைக் கைப்பெட்டியில் வைத்துக் கிளம்பிவிட்டார். அம்மா இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அக்கா. இதைக்கூட அவளுக்குச் செய்ய முடியாவிட்டால் தான் என்ன தம்பி என்று இருந்தது அவருக்கு.

விமானத்தின் நடைபாதையில் இறங்குகிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். பாதிப் பேர் இருக்கையை விட்டு அசையவே இல்லை. கொடுத்து வைத்த ஜன்மங்கள், அவசரமே இல்லாதவர்கள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டே அவர் முண்டியடித்தார். ஒலிபெருக்கியில் பணிப்பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய குரல் அதைவிட ஓங்கி ஒலித்தது.

"வழி விடுங்க! எங்க அக்காவுக்குப் பேச்சு வரலை!"

இதில் பொய் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. கூட்டம் பதறிப்போய் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த கூட்டத்திலிருந்து ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் டாக்டர். எப்போலேருந்து பேச்சு வரலை?"

"வெள்ளிக்கிழமைலேருந்து."

"முகம் ஒரு பக்கமா இழுத்திருக்கா?"

"ரெண்டு பக்கமும் உள்ளே போயிடுச்சு சார்."

டாக்டரின் முகமே மாறிவிட்டது. "சாப்பிடறாங்களா?"

"எல்லாத்தையும் கரைச்சுத்தான் குடிக்கறாங்க."

டாக்டர் விடவில்லை. நரம்பு, ரத்தம், உடனே பார்க்க வேண்டிய நிபுணர் என்று ஒவ்வொன்றாக விளக்கி, தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கையை விட்டார். நாலு நிமிஷம் போயிற்று.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா வரிசையே நகர்ந்திருக்கும்" என்றாள் மனைவி.

இருவரும் ஓடினார்கள். நீண்ட கண்ணாடி வழி, ஒரு நகரும் படிக்கட்டு, மறுபடி ஒரு கண்ணாடி வழி. அம்புக்குறியைப் பின்பற்றலாம் என்றாள் மனைவி. அவர் குறுக்கு வழி என்று ஒரு கதவைத் திறந்து, துடைப்பங்கள் இருந்த அறைக்குள் புகுந்து வெளியே வந்தார். ஒருவழியாகச் சோதனை இடத்தை அடைந்தபோது பதினைந்து நிமிஷம்தான் பாக்கி.

"பையை வைங்க" என்றார் சோதனைக்காரர்.

மனைவி தன் தோள்பையை வைத்தாள். அவர் தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்தார்.

"பெட்டியை வைம்மா."

"எந்தப் பெட்டி? நீங்கதானே எடுத்தீங்க?"

"நான் முன்னால வழி பண்ணிக்கிட்டுப் போனேன். நீ எடுத்துக்கிட்டு வர்றேன்னு நினைச்சேன்!"

"நீங்க ஓடின ஓட்டத்துல என்னையே விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு ஓடி வந்தேன். பெட்டியை நான் எங்கே பார்த்தேன்?"

திரும்பி ஓடினார்கள். கண்ணாடிக் கதவருகே ஒரு காவலர் கையை நீட்டினார். "வந்த வழியே திரும்பிப் போக முடியாது. சாமானை விட்டுட்டா அந்தக் கவுண்டர்ல எழுதிக் கொடுங்க."

கவுண்டரில் இருந்த ஊழியர் அவசரம் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய ஆள். ஒரு படிவத்தை எடுத்து, அதன் மடிப்பை நீவி, பேனாவைத் திறந்தார்.

"உள்ளே என்ன பொருள்?"

"பல்லு."

பேனா நின்றது. "எத்தனை?"

"இருபத்தெட்டு."

"யாரோடது?"

"எங்க அக்காவோடது."

"அக்கா இப்ப எங்கே?"

"வீட்டுல இருக்காங்க. பேச முடியாம."

ஊழியர் அந்தப் படிவத்தை மெல்ல ஓரமாக வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்தார். "மனித உறுப்புன்னா இதுதான். மேலதிகாரி வந்து கையெழுத்துப் போடணும்."

"உறுப்பு இல்லைங்க! எல்லாம் நான் என் கையால பண்ணினது!"

"இருபத்தெட்டையுமா?" என்று ஊழியர் நாற்காலியை அரையடி பின்னுக்குத் தள்ளினார்.

மனைவி குறுக்கே புகுந்து, மூச்சு விடாமல் பட்டறை முதல் பணி ஓய்வு வரை சொல்லி முடித்தாள். ஊழியருக்கு உயிர் வந்தது. பழைய படிவத்தையே மறுபடி எடுத்தார். "இதை முதல்லேயே சொல்லக் கூடாதா? விட்டுப்போன சாமான் எல்லாம் இங்கேதான் வரும். ஒரு மணி நேரம் ஆகும்."

ஒலிபெருக்கி அவர்கள் இருவரையும் பெயர் சொல்லி அழைத்தது. இது கடைசி அழைப்பாம். ஆறு நிமிஷம்.

"இருந்து வாங்கிட்டே போயிடலாம்" என்றார் அவர்.

"அதுக்கப்புறம் ஃபிளைட் நாளைக்கு மத்தியானம்தானே?"

"பல்லு இல்லாம போய் நான் என்ன பண்ண? அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?" மூன்று மணி நேரம் இடைவெளி விட்டிருந்தால் இப்போது எங்கேயாவது உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம். தன் கொழுப்பு அக்காவின் வாயில் போய் விடிந்ததே என்று நொந்துகொண்டார்.

மனைவி முதல் தடவையாக அவரைத் திட்டாமல் அவர் கையைப் பிடித்தாள். "அந்த ஆறு பக்கத்தையும் நீங்க படிங்க. அக்கா பக்கத்துல நிக்கட்டும். பல்லும் இல்லாம, தம்பியும் இல்லாம அவங்களை மேடையில நிக்க வைக்காதீங்க. வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோதனையை முடித்து மனைவியின் தோள்பையையும் எடுத்துக்கொண்டு ஓடினார். அம்புக்குறிகளையே பின்பற்றினார், ஒரு கதவையும் திறந்து பார்க்கவில்லை. வாசலில் நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. கையில் வாக்கிடாக்கியோடு ஒரே ஒரு பணியாளர் மட்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"விட்டுட்டுப் போயிடாதீங்க!" பல்செட்டுக்காரருக்கு மூச்சு இரைத்தது. "இந்த ஃபிளைட்டைப் பிடிக்கணுமேன்னு பெட்டியைக்கூட வந்த ஃபிளைட்டுலேயே விட்டுட்டு ஓடி வர்றோம்!"

பணியாளர் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து நின்ற இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் கிடைச்சுட்டாங்க" என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"பெட்டி உங்க சீட்டுக்கு மேலேயேதான் சார் இருக்கு, நீங்க வந்த ஃபிளைட்டும் இதேதான், மேற்கொண்டு போறவங்க யாரும் எறங்க வேண்டாம்னு சொல்லச் சொல்ல நீங்க ரெண்டு பேர் மட்டும் எங்கே எறங்கி ஓடினீங்கன்னுதான் இவ்வளவு நேரமாத் தேடிக்கிட்டிருக்கோம்!"