தலைப்பு அண்ணனின் குரல்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: கணினியில் தட்டும்போது திரையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. அதுவரை இரண்டு விரலும் இரண்டு கண்ணும் விசைப்பலகையிலேயே கிடந்தன. அப்படித்தான் லீவுக் கடிதத்தைக் கொழும்புக்குப் போக வேண்டிய மழை அறிக்கையில் தட்டி அனுப்பினேன். "மாமியாருக்கு மூன்று நாளாக நிற்காத வயிற்றுப்போக்கு." அங்கிருந்து போன் வந்தது: "எத்தனை மில்லிமீட்டர்?"

என்னைத் திருத்தக் கிளம்பியவர் தலைப்பு அண்ணன். கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். அவரைப் போல் இன்னொருவர் சப்ரகமுவ மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்கமாட்டார். தலைப்பைப் படிக்காமல் எதையும் தொடமாட்டார். பஸ்ஸின் பெயர்ப்பலகையை மூன்று தரம் படிப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

"ஒனக்குக் கண்ணு வேலைக்காகாதுடா, காதுதான்" என்று சொல்லி, கணினிக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதினார். எந்த விண்டோ முன்னால் நிற்கிறது என்று அது நொடிக்கொரு தரம் பார்த்து, அதன் தலைப்பை எடுக்கும். தலைப்பு மாறினால் அண்ணன் பதிந்து வைத்த குரல் முழங்கும்: "மழ ரிப்போர்ட்டுடா, பாத்துத் தட்டு!" பட்டியலில் இல்லாத தலைப்பென்றால், "இது என்ன எழவுன்னு எனக்கே தெரியலடா!"

ஒருநாள் தோட்டத்து மேனேஜர் துரை விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். அறிக்கையை முன்னால் இழுக்கப் போனவன், பதற்றத்தில் சீட்டாட்டத்தை இழுத்துவிட்டேன்.

"சீட்டாட்டம்டா! வேலயப் பாருடா!" என்றது ஸ்பீக்கர்.

"மொகக்த மே?" என்று, இதென்ன என்பதைச் சிங்களத்தில் கேட்டு அதிர்ந்தார் துரை.

"ஸ்பீக்கர் டெஸ்டிங் பண்றோங்க சார்" என்றார் அண்ணன், முகம் மாறாமல்.

பிறகு அவர் கத்தாருக்குப் போய்விட்டார். இரண்டு வருடமாகக் குரல் மட்டும் வேலைக்கு வந்தது. சில நாள் வேண்டுமென்றே விண்டோவை மாற்றி மாற்றித் திட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு தடவைகூட அவருக்குப் போன் பண்ணவில்லை. பண்ணினால் "எப்ப வருவீங்க?" என்று கேட்டு அழுதுவிடுவேனோ என்று பயம்.

போன வாரம் பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தார்கள். குரலும் அதோடு போய்விட்டது. இப்போது திரையைப் பார்த்தே தட்டுகிறேன். ஒரு பிழை இல்லை, ஒரு சுகமும் இல்லை. தாங்காமல் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அண்ணே, ஒங்க கொரலு போயிருச்சு. இன்னொரு தடவ பதிஞ்சு அனுப்புவீங்களா?"

உடனே பதில் வந்தது:

"கொரலுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா, போன் பண்ணு."