மேரி வேண்டாமென்ற கம்ப்யூட்டர்

மாட்டுத்தாவணியில் நான் விசில் ஊதினால்தான் காரைக்குடி வண்டி நகரும். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் நான் டைம் கீப்பர். வண்டி ஒரு நிமிஷம் தாமதமானாலும் டிரைவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பேன். அவரும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நின்று பதில் சொல்வார். இருபது வருஷத்தில் என் விசிலை மீறி ஒரு வண்டியும் போனதில்லை.

சாயந்திரம் விளாங்குடிக்கு வந்து வீட்டு கேட்டைத் திறந்ததும் அந்த விசில் சட்டைப் பைக்குள் போய்விடும். கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் என்று முடிவு செய்தது என் மனைவி அற்புதமேரி. ஃப்ரிட்ஜ் எந்த மூலையில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை கறியா மீனா, என் மீசை எவ்வளவு அகலம், எல்லாம் அவள் கணக்கு. கல்யாணமாகிப் பதினேழு வருஷம். என் பெயர் ஆசீர்வாதம். இது ஆசீர்வாதம் தானாக முடிவு செய்து வாங்கியது என்று இந்த வீட்டில் காட்ட ஒரே ஒரு பொருள் உண்டு. ஹாலில் தொங்கும் டார்ச் லைட். அதுவும் எரியாது.

மேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் எழுதிவைத்துத்தான் செய்வாள். எழுதுவது என்ன தாளானாலும் தலையில் ஒரு சின்னச் சிலுவை, அதற்குக் கீழே இ.ம.சூ. என்று மூன்று எழுத்து. இயேசு, மரி, சூசை. அவள் அப்பா அப்படித்தான் கடிதம் எழுதுவாராம். மளிகைச் சீட்டில் இருக்கும். இஸ்திரிக்குப் போட்ட துணிக் கணக்கில் இருக்கும். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு எழுதிய புகாரிலும் இருந்தது. பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது தாளிலேயே அச்சடித்து வருவது மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் மாதம் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மேரி அதில்தான் கேள்வித்தாள் தயாரிப்பாள், பாடங்களைப் பேசிப் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்புவாள். பிளஸ் ஒன் படிக்கும் எங்கள் மகள் டயானாவும் அதில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். புதிது வாங்கியே ஆக வேண்டும்.

அந்த ஞாயிறு பூசையில் சாமியார் தன் பிரசங்கத்தில் குடும்பத் தலைவன் என்ற வார்த்தையை நாலு தடவை சொன்னார். நாலாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. முழங்காலில் நின்றபடியே தீர்மானம் போட்டேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் என் பேச்சுதான் நிற்கும். வீட்டில் என் பெயர் சொல்ல ஒரு பொருளாவது எரிய வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டில் பேச்சு ஆரம்பித்தது.

“பிராண்டட்தாங்க நல்லது,” என்றாள் மேரி. “ஆன்றோ வாங்கியிருக்கான் பாருங்க. பெட்டியப் பிரிச்சான், வயரைச் சொருகினான், முடிஞ்சுபோச்சு.”

ஆன்றோ அவளுடைய தம்பி. காரைக்குடியில் இருக்கிறான். அவன் வாங்கியது கெட்டுப்போகாது, அவன் வைத்த செடி பட்டுப்போகாது என்பது இந்த வீட்டின் நம்பிக்கை. அந்த நிமிஷம்வரை எனக்குப் பிராண்டடும் ஒன்றுதான், உதிரிப் பாகம் வாங்கிப் பூட்டுகிற அசெம்பிளும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், அசெம்பிளி என்றால் சென்னையில் மைக்கைப் பிடித்துச் சண்டை போடுகிற இடம் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆன்றோ பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அசெம்பிள்தான் வாங்கப்போறேன்.”

“அது உங்களுக்கு ஒத்துவராதுங்க.”

“ஏன் ஒத்துவராது?”

“ஒவ்வொண்ணாப் பாத்து வாங்கணும். ராம் எட்டைக் குடுத்து அனுப்பிருவாங்க, பதினாறுதான் வேணும்னு நிக்கணும். பழைய காலத்து ஹார்ட் டிஸ்கைத் தலையில கட்டுவாங்க, எஸ்எஸ்டி கேக்கணும். ஃபேன் சத்தம் போடாததாப் பாக்கணும், இல்லைன்னா பாடம் ரெக்கார்டு பண்ணும்போது ரைஸ்மில் ஓடுற மாதிரி இருக்கும். இம்புட்டையும் நீங்க ஞாபகமாக் கேப்பீங்களா?”

கேட்பேன் என்றேன். ஒவ்வொன்றையும் விரல் மடக்கி மனசில் ஏற்றிக்கொண்டேன். எதிராளி தானாக வந்து எல்லாவற்றையும் உளறிக் கொட்டுகிறாளே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

“கோரிப்பாளையத்துல சிக்கந்தர் பாய்னு ஒருத்தர் இருக்காராம். எங்க பி.டி. மாஸ்டர் அவருகிட்டத்தான் வாங்குனாரு,” என்றாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே. “நீங்க பாட்டுக்கு அங்க போய் நிக்காதீங்க.”

மறுநாள் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு அங்கே போய் நின்றேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் மனுஷனுக்கு எந்தத் தீர்மானமும் மாறிவிடும். எனக்கு மாறவில்லை. தர்காவுக்குப் போகும் வழியில் ஒரு மாடிக் கடை. நான் கடைசிப் படியில் கால் வைத்ததும் பாய் எழுந்து நின்றார்.

“வாங்க ஆசீர்வாதம் அண்ணே, உக்காருங்க.”

நான் பெயரே சொல்லவில்லை. மாட்டுத்தாவணியில் இருபது வருஷம் விசில் ஊதினவனை மதுரையில் யாருக்குத் தெரியாமலிருக்கும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இஞ்சி டீ வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதினாறு ராம் என்று ஆரம்பித்தேன். பாய் மேஜை டிராயரைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

நான் எஸ்எஸ்டி என்றேன். அவர் தாளில் பேனாவை வைத்து, இருக்கு என்றார். சத்தமில்லாத ஃபேன் என்றேன். அதுவும் இருந்தது. நான் கேட்க மறந்த யுபிஎஸ்கூட இருந்தது.

“நீங்க கேக்கப்போறது அம்புட்டும் இதுல முன்னாடியே எழுதியிருக்குண்ணே.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாடிக்கையாளன் மனசைப் படித்து, அவன் வருமுன்னே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். தொழில் என்றால் இப்படிச் செய்ய வேண்டும் என்று பாயைப் பாராட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நன்றி சொன்னார்.

“பூட்டியே குடுத்துரவாண்ணே?”

“வேணாம் பாய். நானே என் கையால பூட்டுவேன்.”

பாய் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்ஷா அல்லாஹ்,” என்றார்.

பில்லையும் லிஸ்டையும் ஒன்றாக மடித்துக் கொடுத்தார். ஏழு அட்டைப் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன். மேரி வாசலில் நின்று, பேச்சைக் கேட்காமல் போய்விட்டீர்களே என்று தலையில் கைவைத்தாள். பதினேழு வருஷத்தில் அவள் தலையில் கைவைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் காட்சிக்காகவே இன்னும் ஏழு பெட்டி வாங்கலாம் போலிருந்தது.

வெற்றிக் களிப்பில் லிஸ்டை அவள் முன்னால் விரித்துக் காட்டினேன். இங்கிலீஷில், பெரிய எழுத்தில், முத்து முத்தாக இருந்தது. மேரி எழுதுவதெல்லாம் தமிழில்தான், அதுவும் கணக்கு டீச்சர் அவசரத்தில்.

“பாயோட கையெழுத்தப் பாரு. நீயும் எழுதுறியே. இதப் பாத்துக் கத்துக்க.”

அவள் வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். “ஆமாங்க. நல்லாத்தான் எழுதியிருக்காரு,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே ஏதோ பாத்திரத்தை உருட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து வேலையில் இறங்கினேன். டயானா பக்கத்தில் நின்று செல்போனில் வீடியோ காட்டினாள். மூளைச் சில்லு மேல் பசை தடவ வேண்டும், பட்டாணி அளவு என்று வீடியோவில் சொன்னான். ஊறவைத்த பட்டாணியா, ஊறாத பட்டாணியா என்று டயானா கேட்டாள். நான் நடுவாக ஒரு அளவு வைத்தேன். ஒரு வயரை மூன்று இடத்தில் சொருகிப் பார்த்தேன், மூன்றிலும் போனது. நாலு மணி நேரத்தில் முதுகு வளைந்தது, கம்ப்யூட்டர் நிமிர்ந்தது. இரண்டு திருகாணி மிச்சம். அவற்றைச் சட்டைப் பையில் விசிலோடு போட்டுக்கொண்டேன்.

அப்போது மேரி வேளாங்கண்ணித் தீர்த்தத்தோடு வந்தாள். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் தெளிப்பாள். ஸ்கூட்டருக்குத் தெளித்தாள், மிக்ஸிக்குத் தெளித்தாள்.

“மேரி, கரண்டு சாமான். தண்ணி கூடாது,” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். சரிங்க என்று தீர்த்தத்தை மூடி, விரலால் மட்டும் பெட்டியின் மேல் ஒரு சிலுவை போட்டுவிட்டு ஒதுங்கினாள். என் பேச்சு எடுபட்டது. அந்த வீட்டில் முதல் முறையாக எடுபட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். தட்டினேன். டயானா மெதுவாக நகர்ந்து ஆன்றோ மாமாவுக்குப் போன் போடவா என்று கேட்டாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏழு பெட்டியையும் திரும்பக் கட்டி கோரிப்பாளையம் படியேறுவது, ஆன்றோ காரைக்குடியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து இறங்குவது, எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

மேரி காபியோடு வந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “இங்க ஒரு கறுப்புச் சுவிட்ச் இருக்கே. இது எதுக்குங்க? சும்மா அழகுக்கா?”

அழகுக்கில்லை. போட்டேன். விளக்கு எரிந்தது, திரை வெளுத்தது, ஃபேன் சுற்றுவதே தெரியவில்லை. இதைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று டயானாவுக்கு விளக்கினேன்.

அடுத்த பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. ஆன்றோவுக்கு நானே போன் செய்து அரை மணி நேரம் பேசினேன். மேரி யாரிடம் பேசினாலும் ‘அவரு மிஷின், அவரே பூட்டுனது’ என்றுதான் சொன்னாள். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. அதனால், உங்க மிஷின்ல தூசி அடையுது என்றால் நான் துடைத்தேன். உங்க மிஷினுக்கு வயர் தொங்குது என்றால் கட்டினேன். உங்க மிஷின்ல கேள்வித்தாள் திறக்கலை என்றபோது, குளிக்கப் போனவன் துண்டோடு வந்து திறந்து கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் அதற்கு எந்தப் பக்கம் சுவிட்ச் என்றுகூட எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள், பில்லைப் பத்திரப்படுத்தலாம் என்று எடுத்தேன். பில்லின் தலையில் 786 என்று எழுதியிருந்தது. பாய்க்கடை பில், அப்படித்தான் இருக்கும். கூடவே மடித்திருந்த லிஸ்டைப் பிரித்தேன்.

லிஸ்டின் தலையில் ஒரு சின்னச் சிலுவை. அதற்குக் கீழே இ.ம.சூ.

உட்கார்ந்துவிட்டேன். பெயர் சொல்லாமலே பெயர் தெரிந்தது, கேட்குமுன்னே எல்லாம் எழுதியிருந்தது, அடுப்படியில் பாத்திரம் உருண்டது, ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. இரண்டு தாளையும் தூக்கிக்கொண்டு போய் மேரி முன்னால் வைத்தேன். அவள் என் மிஷினில் எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இப்பத்தான் பாத்தீங்களா?”

“ஏன் மேரி, உனக்கு அசெம்பிள்தான் வேணும்னு நேராச் சொன்னா நான் வாங்கித் தந்திருக்க மாட்டேனா?”

“வாங்கித் தந்திருப்பீங்க. துடைச்சுத் தந்திருப்பீங்களா?”

 கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அந்தப் பாயும் கூட்டா என்று நினைத்தபோது இஞ்சி டீயின் ருசி நாக்கில் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு பாடம் படித்தாயிற்று. இவள் வேண்டாம் என்றால் வேண்டும் என்று அர்த்தம். இனி ஏமாறுகிறவன் ஆசீர்வாதம் இல்லை.

மேரி திரையைப் பார்த்தபடியே அடுத்த பேச்சை எடுத்தாள். “டயானா புது பிரிண்டர் கேக்குறா. இப்பப் புதுசெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

வந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டேன். அவள் கணக்குப்படி, ஏன் வேண்டாம் என்று நான் குதிக்க வேண்டும், குதித்து நாளைக்கே கோரிப்பாளையம் படியேற வேண்டும், டிராயரில் இன்னொரு லிஸ்ட் தயாராக இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“நீ சொல்றதுதான் சரி. புதுசு வேண்டாம். வாங்கவே கூடாது.”

மேரி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“நல்லவேளைங்க. ஆன்றோ அவன் பிரிண்டரைச் சும்மா தாரேன்னு சொல்லியிருக்கான். நீங்க அவன்கிட்ட வாங்க மாட்டேன், புதுசுதான் வாங்குவேன்னு அடம்பிடிப்பீங்களேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இந்த ஞாயித்துக்கிழமை போய்த் தூக்கிட்டு வந்துருங்க. ஆன்றோகிட்ட நீங்க வாரீங்கன்னு முந்தாநாளே சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து மாட்டுத்தாவணி போனேன். ஒன்பது இருபது காரைக்குடி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரம் பார்த்து, எனக்கு நானே விசில் ஊதிக்கொண்டேன்.