நோட்டீஸ்காரரும் ஆலைச் சங்கும்

வக்கீல் நோட்டீஸைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆசையாக வாங்கிப் படித்த மனிதர், பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரே ஒருவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'நோட்டீஸ்காரர்' என்றால் பிரேசர் டவுன் ஜட்கா குதிரைகூட அவர் வாசலில் தானாக நிற்கும்.

நாங்கள் இருவரும் ஒரு சின்னத் தமிழ் வாரப் பத்திரிகையில் எழுதினோம். அவர் கம்பெனிகளின் வண்டவாளத்தை எழுதுவார். 'மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு வா' என்று நோட்டீஸ் வரும். அதிலுள்ள இங்கிலீஷ் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். நான் லால்பாக் மலர்க்காட்சியைப் பற்றி எழுதுவேன். ஒரு ரோஜாச் செடிகூட என்னை மிரட்டியதில்லை.

"அவர் எழுதறத வக்கீலுங்க வரி வரியா படிக்கிறாங்க. நீங்க எழுதறத நானே படிக்கிறதில்ல" என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அவர் ஒரு நூல் ஆலையைப் பிடித்தார். மத்தியானத்துக்கு மேல் ஆலைக் கடிகாரத்தைக் கால்மணி பின்னால் தள்ளிவைக்கிறார்கள். சாயங்காலச் சங்கு அவ்வளவு தாமதமாக ஊதுகிறது. ஆட்கள் தினமும் கால்மணி கூலியில்லாமல் உழைக்கிறார்கள் என்று எழுதினார். நோட்டீஸ் வந்தது. தெரு முழுக்கக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாதா கோயில் மணி அடித்து எவ்வளவு நேரம் கழித்துச் சங்கு ஊதுகிறது என்று மூன்று நாள் ஆலை வாசலில் நின்று பார்த்து, என் பெயரைப் பெரிதாகப் போட்டு எழுதினேன். எனக்கும் நோட்டீஸ் வந்தது! அவதூறு வழக்கு, ஜெயில் என்று படித்ததும் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

நோட்டீஸ்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "எனக்கு ஒரு பக்கம், உங்களுக்கு மட்டும் ரெண்டு பக்கமா?" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, நேரே ஆலை வக்கீலிடம் போய், "நான் சொன்னேன், அவர் எழுதினார். கேஸை என் மேல போடுங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வாழ்க்கையில் வந்த ஒரே நோட்டீஸ்! அதையும் தட்டிக்கொண்டு போய்விட்டாரே! நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

வழக்கு மத்தியானம் மூன்று மணிக்கு. ஆலை மேனேஜர் மூன்றேகாலுக்கு நுழைந்தார்.

"ஏன் லேட்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"லேட்டே இல்லீங்க! ஆலைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் என் வாட்சைத் திருப்பி வச்சேன். சரியா மூணு!"

கோர்ட்டே சிரித்தது. அவருடைய வக்கீல் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. வழக்கு அன்றைக்கே வாபஸ். மறுநாள் முதல் சங்கு நேரத்துக்கு ஊதியது.

ஆலை ஆட்கள் மாலை போட்டு ஊர்வலம் விட்டது அவரை. என் மேல் ஓர் இதழ்கூட விழவில்லை. வீட்டுக்கு வந்து பொருமித் தீர்த்தேன்.

மனைவி நிறைமாத வயிற்றோடு மெல்ல உட்கார்ந்தாள். "அன்னிக்கு வந்தப்ப, 'எத்தனை மாசம்மா?'ன்னு கேட்டார். ஏழுன்னேன். அப்புறந்தான் உங்க கையில இருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கினார்."

அன்றிலிருந்து அவர் மேல் என் பொறாமை இன்னும் அதிகமாகிவிட்டது.