மச்சான் விறகு வைத்தால் நிற்கும் மெஷின்

கம்ப்யூட்டர் படித்தவனுக்குத் தான் எழுதிய புரோகிராம் மேல் சந்தேகமே வராது. பக்கத்தில் நிற்கும் மனிதர் மேல்தான் வரும். எனக்கு வந்தது என் மனைவியின் அண்ணன் மேல்.

மலைமேல் அரியூர் நாட்டில் மச்சானுக்கு மிளகுத் தோட்டம். பச்சை மிளகைக் கூடையோடு கொதிக்கும் அண்டாவில் ஒரு நிமிடம் முக்கிக் காயப்போட்டால் நல்ல கறுப்பு ஏறும். கூடுதலாகக் கிடந்தால் வெந்து வீணாகும். கூடையைத் தானே இறக்கித் தூக்கும் மெஷின் ஒன்றைச் செய்து, "இனி நீங்க உக்காந்து டீ குடிங்க மச்சான்" என்று வீறாப்பாகச் சொன்னேன். அவரும் நம்பி அந்த வருஷத்து மிளகு முழுவதையும் பறித்துக் குவித்துவிட்டார்.

மெஷினுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதில் எல்லா வேலைக்கும் முறை வைத்துக் கொடுக்கும் நாட்டாமைக்குப் பெயர் கெர்னல். அந்த நாட்டாமையையே பாதியில் ஒதுக்கிவிட்டு அவசர வேலை உள்ளே நுழையலாம் என்று அமைத்திருந்தேன். (திமிர்தான், வேறென்ன.) தண்ணீரின் சூட்டைக் கவனிப்பதுதான் என் அவசர வேலை.

முதல் கூடை அருமையாக வந்தது. மச்சான் அடுப்பில் விறகைத் தள்ளினார். அடுத்த கூடை உள்ளே போனது, வெளியே வரவில்லை. கையால் தூக்குவதற்குள் மிளகு குழைந்துவிட்டது. மறுபடி அவர் விறகு வைக்க, மறுபடி அதே கதை. (ஆளுக்கு மெஷின் பிடிக்கவில்லை, ஒயரைக் காலால் தட்டுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.) அதன்பிறகு அண்டாவை விட்டுவிட்டு அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வாயை விட்டேன். "மச்சான், ஒயரத் தொட்டீங்களா?"

"இல்லீங்க மாப்ள."

"சத்தியமா?"

என் மனைவியின் முகம் செத்துப்போனது. மச்சான் உள்ளே போய்க் கற்பூரம் கொண்டுவந்தார். ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் அங்கே பேச்சுக் கிடையாது.

"நா அந்தப் பலா மரத்துக்கிட்டப் போயி நிக்கறனுங்க. நீங்களே வெறகு வைங்க."

வைத்தேன். சூடு ஏறியது. கூடை இறங்கியது. இறங்கியதுதான்.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். சூடு உச்சத்துக்கு வந்தால் கண்ணை எடுக்காமல் கவனி என்று எழுதியிருந்தேன். பாவம், அதுவும் இடைவெளியே விடாமல் கவனித்துக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கும் வேலைக்கு முறை வரவே இல்லை. அவசர வேலையைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்து மற்ற வேலைகளுக்கு முறை கொடுக்க, கெர்னலிலேயே ஒரு காப்பு உண்டு. அதையும் நானேதான் அணைத்து வைத்திருந்தேன்.

மச்சான் திரும்பி வந்து மீதி மிளகைப் பழையபடி கையாலேயே முக்கி எடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டில் நான் லேப்டாப்பைத் திறந்தால் போதும், அவர் எழுந்து பலா மரத்தடிக்குப் போய்விடுகிறார். "ஏதாச்சும் நின்னு போச்சுன்னா, நா இங்கதான் இருந்தனுங்க மாப்ள" என்று அங்கிருந்து குரல் வரும். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வரிசையாக நிற்கிறார்கள். இந்தப் பொங்கலுக்கு என் மனைவியும் போய் நின்றாள்.